செய்திக்கு முன்னால் வரும் மூன்று நிமிடம்

பல்லடத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கருகிப்போன காயிலைப் பிடுங்கி எடுத்து, ஸ்லாட்டுக்குப் பேப்பர் போட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தருகிற வேலை. கிரைண்டர் மோட்டார், கிணற்று மோட்டார், தறி மோட்டார் எல்லாம் வரும். இந்த வேலையில் எண்ணிக்கைதான் முக்கியம். ஒரு காயிலுக்கு 80 சுற்று என்றால் 80 இருக்க வேண்டும். நாலு குறைந்தால் மோட்டார் சூடேறும்.

1982இல், பதினாலு வயதில், இந்தத் தொழிலுக்கு வந்தேன். மேஸ்திரியின் பட்டறையில் ரேடியோ வெள்ளென ஆரம்பித்தால் இரவு கதவு சாத்தும்வரை ஓடும். ஆனால் சுற்று எண்ணும் நேரத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. சினிமாப் பாட்டு வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார், பாட்டின் வரி வாயில் ஒட்டிக்கொண்டால் எண்ணிக்கை போய்விடும். நாடகம் வந்தால் அணைத்தே விடுவார். வாத்திய இசை வந்தால் மட்டும், "தம்பி, அது பாட்டுக்கு ஓடட்டும் உடு" என்பார்.

அந்தக் காலத்தில் ஒரு நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்து செய்திக்கு மூன்று நிமிடம் மிச்சம் இருந்தால், நிலையத்தில் ஒரு வாத்திய இசைத்தட்டைப் போட்டு நேரத்தை நிரப்புவார்கள். வயலின், கிளாரினெட், புல்லாங்குழல், தபேலா எல்லாம் கூடி வாசிக்கிற சின்ன உருப்படி. செய்தி நேரம் வந்ததும் பாதியில் மெல்ல அமுங்கிப் போகும். அதை யாரும் நிகழ்ச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற நேரம் அது. நான் இசை கேட்கப் பழகியது அந்த மூன்று நிமிடங்களில்தான். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்றும் பல வாத்தியங்கள் கூடி வாசிக்கும் மெல்லிசை என்றால் என் கை தானாக மெதுவாகிவிடும். அதை எப்படிக் கேட்டால் நிறையக் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ரேடியோவை வைக்கிற இடத்தைச் சரி செய்யுங்கள். பாதிப் பேர் வாத்திய இசை சலிப்பு என்று சொல்வதற்குக் காரணம் இசை இல்லை, இரைச்சல். பேச்சு கொஞ்சம் கரகரத்தாலும் புரிந்துவிடும். பத்து வயலின் சேர்ந்து மெல்ல இழுப்பது கரகரப்புக்குள் மாட்டினால் ஒன்றுமே மிஞ்சாது.

மீடியம் வேவ் ரேடியோவைத் திறந்து பார்த்தால் உள்ளே பென்சில் கனத்தில் ஒரு கறுப்புக் குச்சி இருக்கும், அதன்மேல் முடி மாதிரி மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். அதுதான் ஏரியல். வெளியே நீட்டுகிற கம்பிக்கும் மீடியம் வேவுக்கும் சம்பந்தம் கிடையாது. அந்தக் குச்சியின் நீளப் பக்கம் நிலையத்தைப் பார்த்தபடி இருந்தால் நன்றாக எடுக்கும், முனை நிலையத்தைப் பார்த்தால் மங்கிவிடும். பல்லடத்துக்குக் கோவை மேற்கே இருக்கிறது. அதனால் ரேடியோவின் முகத்தைக் கிழக்கையோ மேற்கையோ பார்த்த மாதிரி வைப்பேன். கோவை நிலையம் 1966இல் தொடங்கியது. முள்ளை 999இல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ரேடியோவை அரைவட்டம் திருப்பித் திருப்பி, எந்தக் கோணத்தில் தெளிவாக வருகிறதோ அங்கே பலகையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார் மேஸ்திரி. திருச்சி 936, அது கிழக்கே. அதே கோட்டில் அதுவும் கிடைக்கும். அந்தக் காலத்தில் இரவானால் இலங்கை வானொலி வரும். அதற்கு மட்டும் கொஞ்சம் திருப்ப வேண்டும்.

அப்புறம் வீட்டில் இரைச்சல் போடுகிற சாமானைக் கண்டுபிடியுங்கள். நானே மோட்டார்க்காரன் என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும். கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் எதுவானாலும், மிக்ஸியோ ட்ரில்லிங் மெஷினோ, பிரஷ் உரசும் இடத்தில் பொறி பறக்கும். அந்தப் பொறி ஒவ்வொன்றும் மீடியம் வேவில் ஒரு 'கிர்' என்று கேட்கும். இப்போது அதைவிடப் பெரிய தொல்லை மலிவான எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜரும். ரேடியோவை ஆன் செய்துவிட்டு ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே போங்கள். எதை அணைத்ததும் ரேடியோ மூச்சு விடுகிறதோ, அதுதான் ஆள். அதை மாற்ற முடியாவிட்டால் ரேடியோவின் குச்சி முனையை அந்தப் பல்பைப் பார்த்துத் திருப்பிப் பாருங்கள், இரைச்சல் பாதியாகக் குறையும். கரண்டில் போடாமல் பேட்டரியில் போட்டாலும் வித்தியாசம் தெரியும்.

எஃப்.எம். வேறு கதை. வருகிற அலையின் பலம் ஏறி இறங்குவதை அது கணக்கில் எடுப்பதில்லை, அதனால் இந்தப் பொறியும் கரகரப்பும் பெரும்பாலும் அதைத் தொடாது. இங்கே நீட்டுகிற கம்பிதான் ஏரியல், ஜன்னல் பக்கம் வைத்து முழுசாக நீட்டுங்கள். கோவையின் ரெயின்போ எஃப்.எம். 103இல் வரும். உடுமலை, தாராபுரம் பக்கத்து ஆட்கள் 100.5இல் கொடைக்கானல் பண்பலையைப் பிடித்துப் பாருங்கள். பத்துக் கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை மலைமேல் வைத்திருக்கிறார்கள், நம் காட்டுக்குள் தடையில்லாமல் இறங்கி வரும். மாடு மேய்க்கப் போகிறவர்கள் கொறங்காட்டு வேலியில் தொங்கவிட்டுக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

போனில் கேட்பவர்களுக்கு ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலி இருக்கிறது. கோவை, சென்னை, விவித் பாரதி, எல்லாம் அதில் வரும். சாஸ்திரிய சங்கீதத்துக்கென்றே இருக்கிற 'ராகம்' அலைவரிசையும் உண்டு. இரைச்சல் என்ற பேச்சே இல்லை. ஆனால் போனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் கீழ் ஸ்வரம் வரவே வராது, செல்லோவும் மிருதங்கத்தின் தொப்பியும் காணாமல் போய்விடும். இந்த வகை இசைக்கு அடியில் ஓடுவதுதான் உயிர். ஒரு பழைய மர ஸ்பீக்கரில் இணைத்து, அறையின் மூலையில், சுவரை ஒட்டி வையுங்கள். மூலையில் வைத்தால் கீழ்ச்சத்தம் கூடும், காசு செலவில்லாத வழி. அது கூட இல்லையென்றால் இயர்போன் போதும்.

சரி, இடம் அமைந்தது. இப்போது நேரம். ரேடியோ நமக்காகக் காத்திருக்காது, அதுவே அதன் அருமை. காலையில் நிலையம் தொடங்கியதும் அன்றைய நிகழ்ச்சிகளைச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்ததும் தூக்கி எறிய மாட்டோம். அதன் பின்பக்கம் என் மனைவி நிகழ்ச்சி நேரத்தை எழுதி, அடுப்பு மேடைக்கு மேலே ஆணியில் குத்திவிடுவாள். "பொழுதோட ஆறே காலுக்கு வீணை, புல்லாங்குழலுங்க" என்று போனில் சொல்லுவாள். வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சியைக் குறித்துக்கொண்டு அந்த நேரத்துக்கு ரேடியோ முன்னால் இருந்தாலே போதும். எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தவர்கள் பத்து நாளில் விட்டுவிடுவார்கள்.

பழகுவதற்கு நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது ஆகாசவாணியின் அடையாள இசை. காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால், நிலையம் தொடங்கும்போது வருமே, அதுதான். தமிழ்நாட்டில் முப்பது வயதுக்கு மேற்பட்ட யாரைக் கேட்டாலும் முணுமுணுத்துக் காட்டுவார்கள். ஆனால் அதில் எத்தனை வாத்தியம் இருக்கிறது என்று கேட்டால் யோசிப்பார்கள். ஒரு நாள் அதை மட்டும் கேளுங்கள். மேலே வயலின் பாடுகிறது, சிவரஞ்சனி ராகத்தின் சாயலில். அது எல்லோருக்கும் தெரியும். மறுநாள் வயலினை விட்டுவிட்டு, அடியில் தம்புரா மீட்டப்படுவதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அப்போது வயலின் தனியாக நிற்காமல் தம்புராவின்மேல் நடந்து போவது தெரியும். இருபது முப்பது விநாடிதான், ஆனால் இதற்கு மேல் பெரிய குழு இசை கேட்பதெல்லாம் இந்தப் பழக்கத்தின் நீட்சி.

அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஐரோப்பாவை விட்டு 1934இல் பம்பாய்க்கு வந்த யூதர். பிறகு பம்பாய் வானொலியில் மேல்நாட்டு இசைப் பிரிவைக் கவனித்துக்கொண்டார். ஊரைவிட்டு வந்த ஒரு மனிதர் நம் தம்புராவையும் அவர்கள் வயலினையும் பக்கத்தில் உட்காரவைத்தார். எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீட்டு ரேடியோவுக்குப் போஸ்ட் ஆபீசில் வருடா வருடம் லைசென்ஸ் கட்டணம் கட்டிய சின்னப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் புரட்டும்போதெல்லாம் அந்த இசைதான் காதில் ஓடுகிறது.

அடுத்தது பெரிய குழுக்கள். ஆகாசவாணிக்கென்று 'வாத்திய விருந்தா' என்று ஒரு தேசிய வாத்தியக் குழு 1952இல் டெல்லியில் தொடங்கியது. வடக்கிலிருந்து ரவிசங்கர், தெற்கிலிருந்து வயலின் வித்வான் டி.கே.ஜயராம ஐயர், இருவரும் அதை நடத்தினார்கள். சிதார், சரோட், வீணை, புல்லாங்குழல், வயலின், தபேலா, மிருதங்கம் எல்லாம் ஒரே கூடத்தில். அதில் ஒரு சிக்கல் உண்டு. நம் கச்சேரியில் ஒருவர் வாசிக்க மற்றவர் பின்தொடர்வார், எல்லோரும் ஒரே வரியில் போவார்கள். மேல்நாட்டுக் குழுவிலோ ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு வேறு வரி. நம் ராகத்தைக் கெடுக்காமல் இருபது முப்பது பேருக்கு எப்படி வேலை பிரித்துக் கொடுப்பது? அந்தக் குழுவின் பதிவு எங்கே கிடைத்தாலும் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒரு இடத்தில் சிதார்கள் கேட்க, புல்லாங்குழல்கள் பதில் சொல்லும். இன்னொரு இடத்தில் வீணை மெதுவாகப் போக, அதே மெட்டை வயலின்கள் இரட்டை வேகத்தில் மேலே பின்னும். ஆகாசவாணியை நடத்துகிற பிரசார் பாரதி தன் பழைய ஒலிப்பதிவுகளை யூடியூபிலும் ஏற்றிவருகிறது. அங்கே வாத்தியப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

கேட்கும் முறைக்கு வருகிறேன். ரேடியோவில் ஒரு உருப்படியை இன்னொரு தடவை போடச் சொல்ல முடியாது. ஆனால் மெல்லிசை வகையில் ஒரு வசதி இருக்கிறது. மூன்று நான்கு நிமிட உருப்படிகள்தான் அதிகம், அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் அடங்கும். அந்த நேரத்துக்குள் முக்கிய மெட்டு எப்படியும் இரண்டு மூன்று தடவை திரும்பி வரும், நம் பாட்டில் பல்லவி வருகிற மாதிரி. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மெட்டு முதல் தடவை வரும்போது மெட்டை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை வரும்போது மெட்டை விட்டுவிட்டு அடியில் இறங்குங்கள். தாளத்தையும் கனமான தந்திகளையும் பிடியுங்கள். மூன்றாம் தடவை, மெட்டு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். கிளாரினெட் கொடுத்ததை வயலின் வாங்கும், வயலின் விட்டதைக் குழல் எடுக்கும். அந்தக் கைமாறும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

அடியில் இறங்குவது எப்படி என்று என்னிடம் வேலை பழகும் பையன் கேட்டான். மாரியம்மன் நோம்பிக்கு ஜமாப் மேளம் அடிக்கும்போது ஊருக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாயா என்றேன். தூரத்தில் துடும்பு மேளத்தின் கனத்த அடி மட்டும்தான் வரும். ஊருக்குள் நடக்க நடக்க மற்ற மேளங்கள் ஒவ்வொன்றாகச் சேரும். பக்கத்தில் போனபின் எல்லாம் ஒரே முழக்கம், அப்போது துடும்பு தனியாகத் தெரியாது. ஆனால் தூரத்தில் கேட்ட நினைவு காதில் இருப்பதால் தேடினால் கிடைக்கும். ரேடியோவிலும் அப்படிச் செய்யலாம். பக்கத்து அறைக்குப் போய், கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு ஒரு நிமிடம் கேளுங்கள். உயர்ந்த ஸ்வரமெல்லாம் கதவில் தங்கிவிடும், கனமானது மட்டும் தாண்டி வரும். அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.

இன்னொரு பயிற்சி சினிமாப் பாட்டிலேயே செய்யலாம். விவித் பாரதியில் தேன்கிண்ணம் ஓடும்போது, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற வாத்தியப் பகுதிக்காகக் காத்திருங்கள். நாம் அந்த இடத்தில்தான் பேச ஆரம்பிப்போம். அங்கே பேசாமல் இருந்தாலே போதும், ஒரு மாதத்தில் காது மாறிவிடும். பாடகர் பாடும்போது பின்னால் வயலின் கூட்டம் என்ன செய்கிறது என்பதும் தானாகக் கேட்க ஆரம்பிக்கும்.

மேல்நாட்டு மெல்லிசைக் குழு இசையில் நான் எல்லோருக்கும் முதலில் போட்டுக் காட்டுவது அமெரிக்க இசையமைப்பாளர் லெராய் ஆண்டர்சன் 1950இல் எழுதிய 'தி டைப்ரைட்டர்'. பல்லடத்தில் என் பட்டறைக்கு மேல்மாடியில் பல வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. லோயர், ஹையர் பரீட்சைக்குப் பிள்ளைகள் காலையும் மாலையும் வருவார்கள். 'ஏ எஸ் டி எஃப்' என்று இருபது மெஷின் சேர்ந்து அடிக்கும் சத்தம் கூரை வழியாக இறங்கும், வரி முடிவில் 'டிங்', பேப்பர் இருக்கும் கேரியேஜைத் தள்ளும்போது 'கர்ர்க்'. இந்த இசையில் வாத்தியக் குழுவின் நடுவே நிஜ டைப்ரைட்டரையே வைத்து வாசிக்கிறார்கள். அடிப்பது தாளவாத்தியக் கலைஞர். டைப் அடிக்கத் தெரிந்தவரை உட்காரவைத்தால் வேகம் ஒத்துவராது, தாளக்காரரின் மணிக்கட்டுக்குத்தான் அது வரும் என்று ஆண்டர்சனே சொல்லியிருக்கிறார். எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாமல் இருக்க, இரண்டு எழுத்து மட்டும் வேலை செய்கிற மாதிரி மெஷினைச் சரிசெய்துகொள்வார்களாம்.

அதைக் கேட்கும்போது மெட்டைத் தேடாதீர்கள். 'டிங்' எங்கே விழுகிறது என்று மட்டும் எண்ணுங்கள். வயலின்கள் ஒரு வரியை ஓடி முடிக்கும், சரியாக அங்கே மணி, அப்புறம் கேரியேஜ் தள்ளும் சத்தம், அடுத்த வரி. பேச்சில் மூச்சு விடுகிற இடம் மாதிரி. நான் முதல் தடவை கேட்டபோது கையில் இருந்த காயிலை வைத்துவிட்டேன். மேல்மாடியில் நாலு வருடம் கேட்ட சத்தம் அத்தனைக்கும் உள்ளே தாளம் இருந்திருக்கிறதே என்று தோன்றியது. இன்ஸ்டிட்யூட் மூடி ரொம்ப நாளாகிறது. அந்த உருப்படி எப்போது வந்தாலும் கூரையைப் பார்ப்பேன்.

வேலை செய்துகொண்டே கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் கேட்கிறோம். இங்கிலாந்தின் பி.பி.சி. 1940இல், யுத்த காலத்தில், ஆலைத் தொழிலாளிகளுக்காகவே 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. காலையில் அரை மணி, மதியத்துக்குமேல் அரை மணி, பேச்சில்லாமல் தொடர்ந்து வாத்திய இசை. 1967 வரை நடந்தது. அதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும், சத்தம் திடீரென்று ஏறவோ இறங்கவோ கூடாது. கேட்பவர்கள் கைதட்டுகிற மாதிரி அமைந்த ஒரு பாட்டை ஒதுக்கியே வைத்தார்கள். ஆட்கள் கையில் இருக்கும் ஸ்பானரால் மெஷினைத் தட்டிவிடுவார்கள் என்ற பயம்.

இதை நான் அப்படியே நம்புகிறேன், என் மேஸ்திரியின் சட்டமும் அதுதானே. விசைத்தறி ஓடுகிற கூடத்தில் எந்த இசையும் எடுபடாது, அங்கே ரேடியோ வைப்பது வீண். தறிக்கு நூல் தார் சுற்றுகிற இடம், மடித்து அடுக்குகிற இடம், திருப்பூர்க்காரர்களின் செக்கிங் டேபிள், தையல், சமையல், இவற்றுக்கு மெல்லிசை ஒத்துப்போகும். சத்தத்தை, பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவுக்கு வையுங்கள். ஏற்ற இறக்கம் அதிகம் இருக்கிற பெரிய சிம்பொனியை வேலை நேரத்தில் போடாதீர்கள். மெல்லிய இடத்தில் காதில் விழாது, பெரிய இடத்தில் கை நடுங்கும். அதற்குத் தனியாக உட்கார வேண்டும். ஒரு முறை அப்படிப்பட்ட ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்டார்ட்டிங் காயிலில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். அந்த மோட்டார் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடி சுற்றிக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை.

கலவையான நிகழ்ச்சிகளைக் கேட்பது தனிப் பழக்கம். பி.பி.சி.யில் 1953இல் தொடங்கிய 'ஃப்ரைடே நைட் ஈஸ் மியூசிக் நைட்' இந்த வகைக்கு நல்ல உதாரணம். அதற்கு முந்தைய வருடம் அமைந்த பி.பி.சி. கன்சர்ட் ஆர்க்கெஸ்ட்ராதான் அதன் முதுகெலும்பு. ஒரே மேடையில் ஒரு அணிவகுப்பு இசை, ஒரு பாடகர், சினிமாவிலிருந்து ஒன்று, ஒரு வால்ட்ஸ் நடனம், நடுவில் தனி வயலின். தங்கை மகள் இங்கிலாந்துக்குப் படிக்கப் போன புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை போனை ரேடியோ பக்கத்தில் வைத்துவிட்டு, "மாமா, உங்களுக்குப் புடிக்குங்க, கேளுங்க" என்றாள். அங்கே இரவு எட்டு மணி என்றால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை, அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் ஒன்றரை. திண்ணையில் உட்கார்ந்து, போன் வழியாக வந்த அந்தத் தேய்ந்த சத்தத்திலும் கூட்டம் கைதட்டுவதைக் கேட்டேன். மெல்லிசைக்கு இத்தனை பேர் நேரில் வந்து உட்கார்கிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது.

இப்படிப்பட்ட நிகழ்ச்சியில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்று கட்டாயம் வரும். உடனே நிலையத்தை மாற்றாதீர்கள். மூன்று நிமிடம் பொறுங்கள், முடிந்துவிடும். நிகழ்ச்சி அமைப்பாளர் ஒரு காரணத்தோடுதான் அதை அங்கே வைத்திருப்பார். வேகமான பித்தளைக் குழல்களுக்குப் பின் ஒற்றை வயலின் வந்தால், அந்த வயலின் அத்தனை மெல்லியதாகக் கேட்பதற்குக் காரணமே முன்னால் வந்த முழக்கம். கல்யாண விருந்தில் இனிப்பு வைத்த கையோடு ஏன் காரம் வைக்கிறோம்? தனித்தனியாக எடுத்துக் கேட்கிற பாட்டுப் பட்டியலில் இந்த வரிசை கிடைக்காது. நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள் என்கிற ஒன்றை இன்னொரு மனிதர் உங்கள் முன் வைக்கிறார், அவரை நம்புங்கள்.

நம் வானொலிக்கும் அந்தக் கைப்பக்குவம் உண்டு. 1957இல் தொடங்கிய விவித் பாரதியின் பெயரே பலவகை என்றுதான் சொல்கிறது. அதில் 'சங்கீத் சரிதா' என்று ஒரு இந்தி நிகழ்ச்சி, ஒரு ராகத்தை எடுத்துச் சொல்லி, அதில் அமைந்த சினிமாப் பாட்டையும் சாஸ்திரிய இசையையும் சேர்த்துத் தருவார்கள். இந்தி தெரியாவிட்டாலும் பாதகமில்லை, காதுக்குப் புரியும். சென்னை வானொலியில் தென்கச்சி கோ.சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொன்ன காலத்தில், எங்கள் தெருவில் காலை அந்தச் சில நிமிடம் எல்லா வீட்டிலும் ஒரே குரல். முன்னால் பக்திப் பாட்டு, பின்னால் செய்தி, நடுவில் அவர் சொல்லும் சின்னக் கதையும் கடைசியில் ஒரு சிரிப்பும். இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் இரண்டு பாட்டுக்கு நடுவே பேசுகிற நாலு வரியில் அடுத்த பாட்டுக்கு நம்மைத் தயாராக்கிவிடுவார்கள். அறிவிப்பாளர் பேசுவதையும் இசையின் பகுதியாகவே கேளுங்கள். எப்போது நிறுத்துகிறார், இசை முழுசாக அடங்கியபின் பேசுகிறாரா, அதன் வாலிலேயே ஏறிப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். நல்ல அறிவிப்பாளர் கடைசி ஸ்வரம் அறையைவிட்டுப் போகும்வரை காத்திருப்பார்.

கூட ஒருவர் இருந்து கேட்டால் இன்னும் நல்லது, ஆனால் ஓடும்போது பேசக் கூடாது. நானும் என் மனைவியும் அரிசிம்பருப்பு சாதம் குக்கரில் வேகும் நேரத்தில் கேட்போம். முடிந்ததும் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "நடுவுல மணி மாதிரி ஒண்ணு வந்துச்சுங்களே, அது என்னங்க?" என்பாள். அது சந்தூரோ ஜலதரங்கமோ, எனக்கும் உடனே தெரியாது. அடுத்த தடவை இருவரும் அதற்காகவே கேட்போம். ஜலதரங்கம் என்றால் கிண்ணத்துத் தண்ணீரில் ஓசை கொஞ்சம் அலையும், சந்தூரில் ஒரு தட்டுக்குப் பின் தந்திகளின் ரீங்காரம் தங்கி நிற்கும். இப்படித்தான் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் முகம் கிடைத்தது. புத்தகத்தில் படித்ததில்லை.

கடைசியாக ஒரு வேலை, இதை யாரும் செய்வதில்லை. நிலையத்துக்குக் கடிதம் எழுதுங்கள். சினிமாப் பாட்டுக்கு விருப்பக் கடிதம் நிறையப் போகிறது, வாத்திய இசைக்குப் போவதில்லை. கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே நேரம் ஒதுக்குவார்கள்? வருடக்கணக்காக மாதம் ஒரு அஞ்சலட்டை போடுகிறேன். "நிகழ்ச்சி அருமை" என்று மட்டும் எழுதினால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வாத்தியம், அதில் எந்த இடம் பிடித்தது என்று எழுதுங்கள். போன மாதம் நான் எழுதியது இது: "செவ்வாய்க்கிழமை மாலை செய்திக்கு முன்னால் ஒரு வாத்திய இசை ஒலிபரப்பினீர்கள். கிளாரினெட் மெட்டை வயலினிடம் கொடுத்த இடத்தில் செய்தி நேரம் வந்துவிட்டது. அதை ஒரு நாள் முழுசாகப் போட முடியுமா?" வாசித்தவரின் பெயரையும் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். அட்டை 50 காசுதான். நிலைய இயக்குநர், ஆகாசவாணி, கோயம்புத்தூர் என்று முகவரி போட்டு, உங்கள் ஊர்ப் பெயரைப் பெரிதாக, அறிவிப்பாளர் தடுமாறாமல் வாசிக்கிற மாதிரி எழுதுங்கள்.